விமானம் போன வழியில் வெள்ளைக் கோடு: அது என்ன, வெயிலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

கேள்வி: குளச்சல் கடற்கரையில் சாயங்காலம் நின்றால் வானத்தில் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு ஏதோ போகிறது. ஊரில் ராக்கெட் என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் விமானத்திலிருந்து விஷம் தூவுகிறார்கள் என்று வருகிறது. சில நாள் கோடு உடனே மறைந்துவிடுகிறது, சில நாள் அரைமணி நேரம் நின்று அகலமாகப் பரவுகிறது. உண்மையில் இது என்ன? நம் குமரி மாவட்டத்தில் வெயில் கூடுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: அது பயணிகள் விமானம். அந்தக் கோடு பனித்துகள்களால் ஆன மேகம். ஆங்கிலத்தில் கான்ட்ரெயில் என்பார்கள். விஷம் இல்லை. ஆனால் "வெறும் நீராவிதானே" என்று ஒதுக்கிவிடவும் முடியாது, ஏனென்றால் உலக அளவில் பூமி சூடாவதில் இந்தக் கோடுகளுக்குப் பங்கு உண்டு. ஆனாலும் நாகர்கோவிலில் இன்று அடிக்கும் வெயிலுக்கு இவை காரணமில்லை. எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சின்னமுட்டம் துறைமுகத்தில் மீன் வைத்த ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தால் வெள்ளையாகப் புகை மாதிரி வழியும். பெட்டிக்குள் புகை எதுவும் இல்லை. வெளியே இருக்கும் ஈரமான வெப்பக் காற்றும் உள்ளே இருக்கும் குளிர்காற்றும் கலக்கும் இடத்தில், காற்றால் தாங்க முடியாத ஈரம் நுண்ணிய துளிகளாகப் பிரிந்துவிடுகிறது. விமானத்தின் பின்னால் நடப்பதும் இதே கலப்புதான். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் சுமார் 1.25 கிலோ நீராவியும் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடும் வரும். (எரிபொருளைவிட வெளிவருவது கூடுதலாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், மிச்ச எடை காற்றிலிருந்து சேர்ந்த ஆக்சிஜன்.) இந்தச் சூடான, ஈரமான புகை மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே இருக்கும் காற்றோடு கலக்கும்போது, கூடவே வரும் புகைக்கரித் துகள்களின்மேல் நீர் ஒட்டித் துளியாகி, நொடிக்குள் உறைந்து பனியாகிவிடும். இன்ஜினுக்கும் கோட்டின் தொடக்கத்துக்கும் நடுவே சிறு இடைவெளி தெரிவது இதனால்தான். கெட்டிலின் மூக்கை ஒட்டி ஆவி கண்ணுக்குத் தெரியாது, சற்றுத் தள்ளித்தான் வெள்ளையாகும். அதே கதைதான்.

எந்தக் குளிரில், எந்த உயரத்தில் கோடு விழும் என்பதற்குக் கணக்கு உண்டு. ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஷ்மிட் 1941-இலும், அமெரிக்காவின் ஆப்பிள்மேன் 1953-இலும் கொடுத்த கணக்கு, சில திருத்தங்களோடு இன்றும் பயன்படுகிறது. காற்றின் குளிர், அழுத்தம், ஈரம், இன்ஜினின் திறன் ஆகிய நான்கும் அதில் வரும். கடைசியாகச் சொன்னது வியப்பானது. திறன் கூடிய புதிய இன்ஜினின் புகையில் வெப்பம் குறைவு, ஈரம் அதே அளவு. அதனால் பழைய இன்ஜின் கோடு போடாத காற்றிலும் புதியது கோடு போடும். ஏர்பஸ் ஏ340 விமானத்தையும் பழைய போயிங் 707 விமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பறக்கவிட்டு இதை நேரிலேயே காட்டியிருக்கிறார்கள்.

நம் ஊர் வானத்துக்கு வருவோம். விமானங்களின் உயரம் காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. விமானங்களைக் காட்டும் செயலிகளில் 34,000 அடி என்று வந்தால் அங்கே அழுத்தம் 250 மில்லிபார். ஐரோப்பா பக்கம் அந்த மட்டத்தில் சராசரியாக மைனஸ் 50 டிகிரியை ஒட்டி இருக்கும், தாராளமாகக் கோடு விழும். 8 டிகிரி அட்சரேகையில் இருக்கும் குமரியில் அதே மட்டத்தில் மைனஸ் 41 அளவுதான். கோடு விழப் பெரும்பாலும் அது போதாது. 36,000, 37,000 அடி என்பது நமக்கு எல்லைக்கோடு மாதிரி. 38,000 அடியில் மைனஸ் 50-ஐத் தாண்டிவிடும், அங்கே போகும் விமானம் கோடு போடும். ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு விமானம் போகும்போது ஒன்று மட்டும் கோடு போட்டால் அதில் மர்மம் இல்லை. ஒன்று மேலே, மற்றது கீழே. திருவனந்தபுரத்தில் இறங்கப் போகும் விமானங்கள் நம் தலைக்குமேல் வரும்போது மிகவும் கீழே, சூடான காற்றில் வருகின்றன. அவை கோடு போடாது. நீங்கள் பார்ப்பது நம்மைக் கடந்து நெடுந்தூரம் போகும் விமானங்கள்.

இனி, நீங்கள் கேட்டதிலேயே முக்கியமான பகுதி: ஏன் ஒரு நாள் உடனே மறைகிறது, இன்னொரு நாள் நின்று பரவுகிறது? கோடு பிறப்பதைக் குளிர் தீர்மானிக்கிறது. அது வாழ்வதை மேல்காற்றின் ஈரம் தீர்மானிக்கிறது. காற்று வறண்டிருந்தால் பனித்துகள் நொடிகளிலோ ஓரிரு நிமிடத்திலோ ஆவியாகிப் போகும், விமானத்தின் பின்னால் குட்டி வால் மாதிரிதான் தெரியும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் துகள்கள் கரைவதற்குப் பதில் வளரும். மைனஸ் 50 டிகிரியில், நீர்த்துளி நிலைக்க 100 பங்கு ஈரம் வேண்டுமென்றால் பனித்துகள் நிலைக்க 62 பங்கு போதும். இந்த 62-க்கும் 100-க்கும் நடுவில் இருக்கும் காற்று பெரும்பாலும் தெளிந்த நீலமாகத்தான் தெரியும். தானாக எளிதில் மேகம் கட்டாது. அதில் விமானம் புகுந்து பனித்துகளை விதைத்துவிட்டால், அந்தத் துகள்கள் சுற்றியுள்ள ஈரத்தை இழுத்துப் பெருகும்.

எவ்வளவு இழுக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. ஏர்பஸ் ஏ320 மாதிரியான விமானம் மணிக்கு ஏறக்குறைய 2,400 கிலோ எரிபொருள் எரிக்கும். நிமிடத்துக்கு 40 கிலோ, அதிலிருந்து 50 கிலோ நீர். ஒரு நிமிடத்தில் அது 14 கிலோமீட்டர் போய்விடும். அதாவது கிலோமீட்டருக்கு மூன்றரை லிட்டர் தண்ணீர், நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு குடம். ஒரு குடம் தண்ணீரை வைத்துக்கொண்டு நான்கு கிலோமீட்டர் நீளம், பல நூறு மீட்டர் அகலம் உள்ள வெண்மேகத்தைக் கட்ட முடியாது. மிச்சம் முழுவதும் அங்கேயே இருந்த ஈரம். விமானம் கொடுத்தது விதை மட்டும்.

இப்படி ஈரம் நிறைந்த படலங்கள் பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விரிந்திருந்தாலும் தடிமன் பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தீர்வைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும். படலத்துக்குள் அகப்பட்ட கோடு, மேலும் கீழும் காற்று வெவ்வேறு வேகத்தில் வீசுவதால் இழுபட்டுப் பரவி, சில மணி நேரத்தில் இயற்கையான கீற்று மேகத்திலிருந்து பிரித்தறிய முடியாதபடி ஆகிவிடும். மேலே வீசும் காற்றை முப்பந்தல் காற்றாலைகளை வைத்துக் கணிக்கவும் கூடாது. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது, 12 கிலோமீட்டருக்கு மேலே அதற்கு நேர் எதிராகக் கிழக்கிலிருந்து பலத்த காற்று ஓடிக்கொண்டிருக்கும். கீழ்மேகம் கிழக்கே போக, கோடு மேற்கே கடல்பக்கம் நகர்ந்தால் அது இயல்புதான்.

ராக்கெட் என்ற பேச்சு வருவதற்குக் காரணம் கண்ணின் ஏமாற்று. 11 கிலோமீட்டர் உயரத்தில் நம்மை நோக்கி வரும் விமானம் அடிவானத்துக்குப் பக்கத்தில் தெரியும்போது செங்குத்தாக மேலே ஏறுவதுபோல இருக்கும், விலகிப் போகும்போது கடலுக்குள் விழுவதுபோல இருக்கும். கையை நீட்டி விரல்களை மடக்கினால் அந்த முட்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. அடிவானத்துக்கு மேல் ஒரு முட்டி உயரத்தில் தெரியும் கோடு உண்மையில் 60 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. சூரியன் கடலில் மறைந்த பிறகும் அந்த உயரத்தில் 13, 14 நிமிடம் வெயில் இருக்கும். கீழே இருட்டத் தொடங்கும்போது அந்தக் கோடு மட்டும் செம்மஞ்சளாக, தீப்பிடித்ததுபோல மின்னுவது அதனால்தான். உண்மையான ராக்கெட் புகையைப் பிரித்தறிவது எளிது. அது தரையிலிருந்து எல்லா மட்டங்களையும் துளைத்துக்கொண்டு போவதால், ஒவ்வொரு மட்டத்துக் காற்றும் ஒவ்வொரு பக்கம் இழுத்துச் சில நிமிடங்களில் அந்தப் புகை பாம்புபோல நெளிந்துவிடும். குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டிய ஏவுதளம் செயல்படத் தொடங்கினால் குமரி மக்கள் இரண்டையும் ஒப்பிட்டே பார்க்கலாம்.

விஷம் தூவும் செய்தியைச் சற்றுப் பொறுமையாகவே பேச வேண்டும். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் தெளித்ததால் மக்கள் பட்ட துன்பம் நம் பக்கத்து மாநிலத்தில் நடந்தது. வானத்திலிருந்து தெளிப்பதைப் பார்த்து அஞ்சுபவர்களை யாரும் கேலி செய்யக்கூடாது. ஆனால் அந்தத் தெளிப்பு எப்படி நடந்தது என்று பாருங்கள்: மர உச்சிக்குக் கொஞ்சம் மேலே, தாழப் பறந்து. மருந்து தோட்டத்தில் விழ வேண்டுமென்றால் அப்படித்தான் செய்ய முடியும். 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) அளவுள்ள துளி நொடிக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில்தான் கீழே இறங்கும். 11 கிலோமீட்டரிலிருந்து தரைக்கு வர 40 நாள் ஆகும். அதற்குள் காற்று அதைப் பல்லாயிரம் கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு போய்விடும். குளச்சலின்மேல் தூவியது குளச்சலில் விழாது.

விமானத்துக்குள் வரிசையாகப் பீப்பாய்கள் இருக்கும் படமும் சுற்றுகிறது. அவை புதிய விமானத்தைச் சோதிக்கும்போது பயணிகளின் எடைக்குப் பதிலாக வைக்கும் தண்ணீர்ப் பீப்பாய்கள். மழைநீரிலும் மண்ணிலும் அலுமினியம் இருந்தது என்று ஆய்வுத்தாளைக் காட்டுபவர்களும் உண்டு. பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் சுமார் 8 சதவீதம் அலுமினியம்தான். அதிலும் மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட், கார்னெட், மோனசைட் என்று கனிமங்கள் இயற்கையாகவே செறிந்து கிடக்கின்றன. இந்தக் கரையில் எடுத்த மண்ணில் உலோகம் இருப்பதை வானத்தோடு முடிச்சுப் போட முடியாது.

பயப்பட வேண்டிய இடம் வேறு. பரவிய கோடு பகலில் இரண்டு வேலை செய்கிறது. சூரிய ஒளியில் கொஞ்சத்தை மேலே திருப்பி அனுப்புகிறது, அது குளிர்ச்சி. தரையிலிருந்து மேலே போகும் வெப்பக் கதிரைத் தடுத்துக் கீழே வைத்துக்கொள்கிறது, அது சூடு. இரவில் திருப்பி அனுப்ப ஒளி இல்லை, சூடு மட்டும்தான். மேகமூட்டமான இரவு புழுங்குவது எல்லோருக்கும் தெரிந்ததே. தென்கிழக்கு இங்கிலாந்தை வைத்து 2006-இல் வந்த ஆய்வில், மாலை 6 முதல் காலை 6 வரை பறந்தவை மொத்த விமானங்களில் 25 சதவீதம்தான், ஆனால் கோடுகளால் வந்த சூட்டில் 60 முதல் 80 சதவீதம் அவற்றின் கணக்கில் சேர்ந்தது. நாம் சாயங்காலம் அழகாகப் பார்க்கும் கோடுகளைவிட, யாரும் பார்க்காமல் நள்ளிரவில் பரவும் கோடுகள்தான் அதிகக் கேடு செய்கின்றன.

மொத்தக் கணக்கு என்ன? 2018 வரையிலான விமானப் போக்குவரத்தை ஆராய்ந்து 2021-இல் வெளியான பன்னாட்டு மதிப்பீட்டின்படி, கோடுகளும் அவற்றிலிருந்து உருவான கீற்று மேகங்களும் பூமியின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சராசரியாக 57 மில்லிவாட் சூட்டைச் சேர்க்கின்றன. விமானங்கள் இதுவரை விட்ட கார்பன் டை ஆக்சைடு சேர்ப்பது 34 மில்லிவாட். நம் நிலக்கணக்கில் சொன்னால், ஒரு சென்டுக்குக் கோடுகளால் 2.3 வாட். மனிதச் செயல்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சென்டுக்குச் சேர்த்திருப்பது ஏறக்குறைய 110 வாட். கோடுகளின் பங்கு சிறியது, ஆனால் தள்ளிவிடும் அளவுக்குச் சிறியது அல்ல. 57 என்ற எண்ணில் நிச்சயமின்மை அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே மதிப்பீடு 17 முதல் 98 வரை எதுவும் சாத்தியம் என்கிறது. கார்பன் டை ஆக்சைடு எண்ணில் இவ்வளவு தடுமாற்றம் இல்லை.

இந்தச் சூடு உலகெங்கும் சமமாக இல்லை. ஐரோப்பாவின்மேலும் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியின்மேலும்தான் மிக அதிகம். குமரிக்குமேல் காற்று சூடானது, விமானங்களும் குறைவு. நடுப்பகலில் தெளிந்த வானத்தில் ஒரு சென்ட் நிலத்தில் விழும் வெயில் சுமார் 40,000 வாட். அதில் 2.3 வாட்டை உடலால் உணர முடியாது. வயலும் குளமும் வீட்டுமனையானது, மரம் குறைந்து தார்ச்சாலையும் கான்கிரீட்டும் கூடியது, உலகம் முழுவதும் கார்பன் டை ஆக்சைடு ஏறியது, கடல் சூடானது. நாகர்கோவில் வெயிலுக்கான காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள். அமெரிக்காவில் 2001 செப்டம்பரில் மூன்று நாள் விமானங்கள் நின்றபோது பகல்–இரவு வெப்ப வித்தியாசம் ஒரு டிகிரிக்குமேல் கூடியது என்ற செய்தியும் பகிரப்படுகிறது. அப்படி ஒரு கட்டுரை வந்தது உண்மை. அந்த நாட்களின் இயல்பான வானிலையே அதை விளக்கப் போதும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. அதை ஆதாரமாக எடுக்க வேண்டாம்.

தீர்க்க முடியுமா என்றால், முடியும். எனக்கு இதில் நம்பிக்கை தருவது ஒன்றுதான்: எல்லா விமானமும் குற்றவாளி இல்லை. ஜப்பான் வான்பரப்பை ஆராய்ந்தபோது, கோடுகளால் வரும் சூட்டில் 80 சதவீதம் வெறும் 2.2 சதவீத விமானங்களால் வந்தது தெரிந்தது. ஈரப்படலம் தடிமன் குறைவானது என்று மேலே சொன்னேன் அல்லவா, இந்தச் சில விமானங்களை 2,000 அடி ஏற்றியோ இறக்கியோ அனுப்பினாலே பெரும்பாலும் படலத்தைத் தவிர்த்துவிடலாம். 2023-இல் கூகுளும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் சேர்ந்து 70 விமானப் பயணங்களில் இதைச் செய்து பார்த்ததில் கோடுகள் 54 சதவீதம் குறைந்தன. அந்தப் பயணங்களில் எரிபொருள் 2 சதவீதம் கூடுதலாகச் செலவானது.

சிக்கல் எங்கே என்றால், 11 கிலோமீட்டர் உயரத்து ஈரத்தை முன்கூட்டியே சரியாகச் சொல்வது கடினம். வெப்பத்தை நன்றாகக் கணிக்கிறார்கள், ஈரத்தில் தவறுகிறார்கள். கணிப்பு தவறினால் கோடும் விழும், கூடுதல் எரிபொருளும் எரியும். கோடு சில மணி நேரத்தில் போய்விடும். அதைத் தவிர்க்க வீணாக எரித்த எரிபொருளின் கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுகளுக்கு நிற்கும். ஆகவே கணிப்பு உறுதியாக இருக்கும் இடங்களில், அதுவும் இரவுப் பயணங்களில், முதலில் தொடங்குவதே சரி. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலிருந்து கார்பன் டை ஆக்சைடு அல்லாத இந்த விளைவுகளையும் விமான நிறுவனங்கள் கணக்கெடுக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது.

எரிபொருளை மாற்றுவது இன்னொரு வழி. மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் உள்ள, நறுமணச் சேர்மங்கள் எனப்படும் வளைய வடிவ கார்பன் சேர்மங்கள்தான் புகைக்கரிக்கு முக்கியக் காரணம். தாவர எண்ணெய், பழைய சமையல் எண்ணெய் போன்றவற்றிலிருந்து எடுக்கும் எரிபொருளில் அவை மிகக் குறைவு. ஏர்பஸ் ஏ350 விமானத்தை முழுக்க அப்படிப்பட்ட எரிபொருளில் ஓட்டி, பின்னால் இன்னொரு விமானத்தில் போய் அளந்தபோது பனித்துகள்களின் எண்ணிக்கை 56 சதவீதம் குறைந்திருந்தது. இந்தியாவில் பன்னாட்டு விமானங்களுக்கு 2027-இல் 1 சதவீதம், 2028-இல் 2, 2030-இல் 5 சதவீதம் இந்த எரிபொருளைக் கலப்பது இலக்கு. இருப்பதே இவ்வளவுதான் என்றால், கோடு அதிகம் போடும் பயணங்களுக்கு முதலில் கொடுப்பது நல்லது என்பது என் கருத்து.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. நான்கு மணி நேரப் பயணத்தில் 180 பேர் போகும் விமானம் சுமார் 10 டன் எரிபொருள் எரிக்கும். ஆளுக்கு ஏறக்குறைய 175 கிலோ கார்பன் டை ஆக்சைடு. கோடு விழுமா விழாதா என்பது டிக்கெட் எடுப்பவர் கையில் இல்லை, விமானத்தின் உயரத்தைத் தீர்மானிப்பவர்கள் கையில் இருக்கிறது.

நீங்களே சரிபார்க்க விரும்பினால், பள்ளி மாணவர்கள்கூடச் செய்யலாம். கோடு தெரிந்ததும் நேரத்தைக் குறித்து, ஃப்ளைட்ரேடார்24 செயலியில் அந்த விமானத்தின் உயரத்தைப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்து அதே கோடு இருக்கிறதா, எவ்வளவு அகலம் என்று குறியுங்கள். தலைக்கு நேர்மேலே இருந்தால் ஒரு டிகிரி அகலம் என்பது சுமார் 190 மீட்டர். கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் அகலம் ஏறக்குறைய ஒரு டிகிரி. பிறகு திருவனந்தபுரத்தில் தினமும் இரண்டு முறை விடும் வானிலை பலூனின் அளவீட்டை எடுங்கள். அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழக இணையதளத்தில் 43371 என்ற நிலைய எண்ணுக்கு இலவசமாகக் கிடைக்கும். 250, 200 மில்லிபார் வரிகளில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பாருங்கள். அங்கே தரும் ஈரப்பதம் நீர்த்துளிக்கான கணக்கு. மைனஸ் 50-ஐ ஒட்டி 62 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கோடு நிலைக்கும் காற்று அது.

பலூனின் ஈரமானி அந்தக் குளிரில் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டக்கூடும். ஆகவே 50 சதவீதம் என்று வந்த நாளில் கோடு நின்றால் உங்கள் குறிப்பு தவறு என்று நினைக்க வேண்டாம். சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் கோட்டைத் தொலைநோக்கியில் பார்க்கவே கூடாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தாழ்வான மேகங்கள் விலகும் ஜனவரி, பிப்ரவரி இதற்கு ஏற்ற காலம். பலூன் விடும் நேரம் காலை 5.30, மாலை 5.30 என்பதால், விடிந்ததும் ஒரு மணி நேரத்துக்குள்ளோ சூரியன் மறையும் வேளையிலோ குறித்த கோடுகள்தான் அளவீட்டோடு நன்றாகப் பொருந்தும்.